பன்னிரண்டாம் கட்டையில் நடக்காத விபத்து

கெத்தரின் டீச்சர் தேடி வந்த நேரம், லெஸ்லி இரண்டு கால்களையும் வெந்நீர் பேசினுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று காலை ஒரு சனசமூக நிலையத் திறப்பு விழா. பிரதம அதிதி இரண்டரை மணித்தியாலம் பிந்தி வந்தார். அறுபத்து மூன்று வயதில் அவ்வளவு நேரம் நின்றால் கால் வீங்கத்தான் செய்யும். முப்பத்தொரு வருஷமாக அவர் 'நாட்குரல்' பத்திரிகைக்கு மாத்தளை நிருபர். இந்த முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை நாடாக்கள் வெட்டப்பட்டதைப் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

வந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். சேலையில் இன்னும் சோக்குத் தூள் இருந்தது. ரத்தோட்டையில் படிப்பிப்பதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"சேர், 2009ல மொர்லாண்ட் தோட்டத்து லொறி விபத்து. அந்தச் செய்தி நீங்க எழுதினதா?"

லெஸ்லிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ரிவர்ஸ்டன் பக்கம், அந்தோனியார் திருவிழாவுக்குப் போன லொறி. ஒன்பது பேர்.

"ஆமா மகள். ஏன்?"

"லொறி ஓட்டினது இராயப்பன். நான் அவரோட மகள்."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். நடந்ததை நிதானமாகச் சொன்னாள். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் ஒன்று கொடுத்திருந்தாள்: நமது பிரதேசத்தில் நடந்த அனர்த்தங்கள். ஒரு பிள்ளை இணையக் கலைக்களஞ்சியத்தில் இருந்த கட்டுரையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் வாசித்தது. 'சாரதி இராயப்பன் மதுபோதையில் வாகனத்தைச் செலுத்தியமையே விபத்துக்குக் காரணமாகும்.' அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. நல்ல உச்சரிப்போடு, நிறுத்தி நிறுத்தி வாசித்தது. கெத்தரின் பத்துக்கு எட்டுப் புள்ளி போட்டாள்.

"அந்த வரிக்குக் கீழ உங்க பத்திரிகைதான் ஆதாரம்னு போட்டிருக்காங்க சேர். அப்பா குடிக்காத மனுசன்னு நான் சொல்ல வரல்ல. குடிப்பாரு. ஆனா திருவிழாவுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற அன்னைக்குக் குடிக்கல. இதப் பாருங்க."

பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தாள். மரண விசாரணை அறிக்கையின் அத்தாட்சிப் பிரதி. பிரேத பரிசோதனையில் மதுசாரம் காணப்படவில்லை. பிரேக் குழாய் வெடித்திருந்தது. வாகனம் பல மாதங்களாகப் பராமரிக்கப்படவில்லை. திகதி 2009 செப்டெம்பர்.

"இது எங்க பத்திரிகைல வந்துச்சா?" என்று கேட்டார் லெஸ்லி. கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எந்தப் பத்திரிகைலயும் வரல்ல."

அவள் போன பிறகு லெஸ்லி அலுமாரியைத் திறந்தார். அந்தக் காலத்தில் செய்தியைக் கையால் எழுதி, கடையில் கொடுத்துத் தொலைநகலாக, பெக்ஸில் அனுப்புவார்; எழுதிய தாள்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். தேடும்போது மனதில் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. 'மதுபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது' என்றுதான் தான் எழுதியிருக்க வேண்டும். கொழும்பில் யாரோ கடைசிச் சொல்லை வெட்டியிருப்பார்கள். இடம் போதாவிட்டால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. மலைநாட்டுச் செய்திக்கு இடம் கிடைத்ததே பெரிது.

தாள் கிடைத்தது. அவருடைய கையெழுத்துத்தான். 'கூறப்படுகிறது' அதில் இல்லை.

அன்று நடந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விபத்து நடந்து மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார். பொலிஸ் மேலே ஏற விடவில்லை. பன்னிரண்டாம் கட்டையில், பன்னிரண்டாவது மைல்கல்லடியில், ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே நின்றவர்களிடம் கேட்டார். ஒரு ஆள், "அவன் போட்டுட்டுத்தான் ஓட்டியிருப்பான்" என்றான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். விபத்து நடந்தது அதற்கும் மேலே, பதினான்காம் கட்டையில் என்று பிறகு தெரிந்தது. அதையும் அவர் திருத்தவில்லை. இறந்தவர்கள் இறந்தவர்கள்தானே, கட்டையில் என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது. விசாரணை முடிவு வந்த அன்று அவர் ஒரு அமைச்சரின் கட்டடத் திறப்பு விழாவில் இருந்தார்.

அடுத்த நாள் கலைக்களஞ்சியத்தில் ஒரு கணக்குத் திறந்து அந்த வரியை அவரே அழித்தார். காரணம் கேட்ட இடத்தில், 'இந்தச் செய்தியை எழுதியவன் நான். இது பிழை' என்று எழுதினார். நாற்பது நிமிஷத்தில் வரி திரும்பவும் வந்துவிட்டது. 'ஆதாரம் உள்ள தகவல் காரணமின்றி நீக்கப்பட்டுள்ளது' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. போட்டவரின் பெயர் 'உக்குவளை ஹிதாயா'.

லெஸ்லி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தான் எழுதியது ஆதாரமாம். தான் சொல்வது ஆதாரமில்லையாம். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் அவருக்கு வந்தது கொட்டாவி.

அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்தார். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. ஹிதாயா உக்குவளையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள்; முப்பது வயது. கம்பஸில் படித்த காலத்தில் இப்படிக் கட்டுரை எழுதத் தொடங்கினாளாம். மாத்தளை மாவட்டத்தைப் பற்றித் தமிழில் ஒன்றுமே இல்லை என்று பார்த்துப் பார்த்து நூற்றிருபது கட்டுரை எழுதியிருக்கிறாள். வேலை முடிந்து, பிள்ளையைப் பார்த்து, சமைத்து, மிச்சமிருக்கும் நேரத்தில்.

"சேர், நீங்க பொய் செல்றீங்கண்டு நான் செல்லல்ல. ஆனா நாளைக்கு வேற ஒராள் வந்து, நான்தான் அந்த நிருபர், அது சரிதாண்டு எழுதினா நான் யார நம்புறது? யார் சென்னாங்கண்டு பார்க்கிறல்ல, எங்க வெளியாச்சுண்டுதான் பார்க்கிற."

"விசாரணை அறிக்கை இருக்கும்மா. அத்தாட்சிப் பிரதி."

"அது ஒரு வீட்டு அலுமாரில ஈக்கிற கடுதாசி சேர். வாசிக்கிற ஆளுக்கு அதப் போய்ப் பார்க்க ஏலாதே. ஒரு பத்திரிகைல வரட்டும். வந்த நாளே மாத்துறேன்."

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க லெஸ்லியால் முடியவில்லை. தானும் அந்த நாளில் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்று மட்டும் நினைத்தார்.

கொழும்பில் பிரதேசச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருப்பவன் ஸஜ்ஜாத். நல்ல பையன், ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டே பேசுவான்.

"பதினஞ்சு வருசத்துக்கு முந்தின செய்திக்கு யாரு அண்ணன் திருத்தம் போடுவாங்க? ஆசிரியர் விடமாட்டாரு. புதுச் செய்தியா அனுப்புங்க, எப்படியாவது போடுறேன்."

புதுச் செய்தியாக அனுப்பினார். 'எமது பத்திரிகையில் அன்று வெளியான தகவல் தவறானது' என்ற வரியை அதில் இரண்டாவது பத்தியிலேயே வைத்தார். ஒன்பது நாள் கழித்துப் பதினோராம் பக்கத்தில் ஐந்து வரியாக வந்தது. 'மொர்லாண்ட் விபத்துக்குப் பிரேக் கோளாறே காரணம்.' அவர் வைத்த அந்த வரி இல்லை.

ஹிதாயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அன்று மாலையே கட்டுரை மாறியது. ஆனால் அவளாலும் விதிக்கு மிஞ்சிப் போக முடியாது. இப்போது கட்டுரை இப்படிச் சொன்னது: 'சாரதி மதுபோதையில் இருந்ததாக இரண்டு செய்திகள் தெரிவித்தன. பிரேக் கோளாறே காரணம் என மரண விசாரணையில் கூறப்பட்டதாக மற்றொரு செய்தி தெரிவிக்கின்றது.'

கெத்தரின் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் கோபமில்லை.

"பார்த்தேன் சேர். ரெண்டுக்கு ஒண்ணு."

"பார்க்கலாம் மகள்."

"பரவால்ல சேர். நீங்க முடிஞ்சத செஞ்சீங்க." அவள் அதை ஆறுதலாகச் சொன்னதுதான் லெஸ்லிக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளைக்குப் பத்துக்கு எட்டுப் போட்ட அதே குரல்.

அந்த வாரம் மூன்று மரணச் செய்தி, ஒரு பாடசாலை விளையாட்டு விழா, வில்கமுவையில் யானை அடித்துச் செத்த ஒரு விவசாயி. வில்கமுவைக்குப் போய்வர ஒரு முழு நாள். பஸ் வராமல் ஒரு டிராக்டர் பெட்டியில் குந்திக்கொண்டு வந்தார். வந்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தபோதுதான், அந்த இரண்டாவது செய்தி என்ன என்று இதுவரை பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. தான் எழுதியது ஒன்று. மற்றது யாருடையது? அன்று வேறு நிருபர் எவரும் மேலே வரவில்லையே.

கைபேசியில் அந்த அடிக்குறிப்பை அழுத்தினார். அதுவும் 'நாட்குரல்'தான். 2019 ஜூன், இணையப் பதிப்பில் 'பத்தாண்டு நினைவு' என்று ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை. வாசித்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது பத்தியில் நின்றார்.

'பன்னிரண்டாம் கட்டையடியில் லொறி பள்ளத்தில் பாய்ந்தது. மரண ஓலம் மலையெங்கும் எதிரொலித்தது.'

அந்த ஓலத்தை லெஸ்லி கேட்கவில்லை. அவர் போனபோது எல்லாம் அடங்கிப் போயிருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பத்திரிகைக்கு நன்றாக இருக்கும் என்று 2009இல் அவரே எழுதிய வரி. பிழையான கட்டையும் கேட்காத ஓலமும் ஒன்றாகச் சேர்ந்து இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதனிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

அடுத்த நாள் இடுப்புவலியோடு உக்குவளைக்கு பஸ் ஏறினார். பார்மசியில் கூட்டம். மருந்துத் துண்டுகளோடு நின்றவர்கள் குறைந்த பிறகு ஹிதாயா வெளியே வந்தாள். லெஸ்லி நினைத்ததைவிடச் சிறிய உருவம். ரயில் பாதைப் பக்கமாகப் போட்டிருந்த வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் கையெழுத்துத் தாளைக் காட்டினார். பிறகு கைபேசியில் இரண்டாவது செய்தியைக் காட்டினார்.

ஹிதாயா இரண்டையும் மாறி மாறி வாசித்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்துக் கட்டுரையின் பழைய வடிவங்களைத் தேடினாள். விரல் வேகமாக ஓடி, பிறகு நின்றது.

"நான் இத எழுதினது 2016ல. உங்க செய்திய வச்சி எழுதினேன். பன்னிரண்டாம் கட்டைய நான்தான் கட்டுரைக்குள்ள போட்டேன். ஓலத்தையும் அப்படியே போட்டிருக்கேன், வாப்பா அது நல்ல தமிழ்ண்டு சென்னார்." திகதியைப் பெரிதாக்கிக் காட்டினாள். "2019ல உங்க பத்திரிகை என்னப் பார்த்துக் கொப்பி பண்ணிருக்கு. பிறகு நானே அத ரெண்டாவது ஆதாரம்ண்டு கொண்டுவந்து கீழ வச்சிட்டேன். ஒரே ஆள்ட வாயால வந்தத ரெண்டு சாட்சியாக்கிட்டேன் சேர்."

"மொதல்ல செஞ்சது நான்தானேம்மா."

"நீங்க ஒரு நாள் செஞ்சீங்க. நான் எட்டு வருசமா ஒவ்வொரு நாளும் செஞ்சிட்டு ஈந்திருக்கேன்."

ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவள் சொன்னாள்: இரண்டாவது அடிக்குறிப்பை இன்றைக்கே எடுத்துவிடலாம், காரணத்தையும் எழுதிவைக்கலாம். முதலாவதை எடுக்க வேண்டுமென்றால் பத்திரிகையே அதைப் பிழை என்று சொல்ல வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

லெஸ்லி அங்கேயே உட்கார்ந்து ஸஜ்ஜாத்துக்கு அழைத்தார்.

"தம்பி, பத்தாண்டு நினைவுன்னு ஒண்ணு போட்டீங்களே, அது யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணன். அப்பதான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஏன்?"

"என்னக் கேட்டிருக்கலாமே. நான் இங்கதானே இருந்தேன்."

"கலைக்களஞ்சியத்துல எல்லாமே இருந்துச்சு அண்ணன். ஆதாரத்தோட." சொல்லி முடிக்கும்போதே அவன் குரல் தளர்ந்தது. லெஸ்லி கட்டையைப் பற்றியும் ஓலத்தைப் பற்றியும் சொன்னார். தான் எந்த ஓலத்தையும் கேட்கவில்லை என்றும் சொன்னார். யாரிடமும் அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபக்கத்தில் முதன்முறையாக ஸஜ்ஜாத் ஓடாமல் நின்றான்.

"அந்தச் சாரதியோட குடும்பம் இருக்கா அண்ணன்?"

"மகள் டீச்சர். வகுப்புல பிள்ள வாசிக்கக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கு."

"ஆசிரியர்ட்ட நான் பேசுறேன்" என்றான். "என் பேரையும் சேர்த்துச் சொல்றேன்."

இரண்டு கிழமை சென்றது. இடையில் ஸஜ்ஜாத் ஒரு தடவை அழைத்து, சட்டத்தரணி பார்க்க வேண்டுமாம் என்றான். இன்னொரு தடவை, ஆசிரியர் வெளிநாடு என்றான். லெஸ்லி எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிய மனிதர்; அப்படியே இருந்தார். ஒரு வியாழக்கிழமை இரண்டாம் பக்கத்தின் அடியில், கட்டம் போட்டு வந்தது.

'2009 ஜூன் 14ஆம் திகதி எமது பத்திரிகையிலும், 2019 ஜூன் மாதம் எமது இணையப் பதிப்பிலும் வெளியான மொர்லாண்ட் தோட்ட லொறி விபத்துச் செய்திகளில், சாரதி அமரர் இராயப்பன் மதுபோதையில் இருந்ததாகக் குறிப்பிட்டமை தவறாகும். பிரேத பரிசோதனையில் மதுசாரம் காணப்படவில்லை. விபத்து இடம்பெற்றது பதினான்காம் கட்டையடியிலாகும். தவறுகளுக்கு வருந்துகிறோம்.'

மத்தியானத்துக்குள் ஹிதாயா கட்டுரையை மாற்றிவிட்டாள். லெஸ்லி அதைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு இது என்ன ஈடு என்று யோசித்தார். சந்தோஷம் என்று சொல்லுமளவுக்கு எதுவும் வரவில்லை. பாரம் ஒன்றை இறக்கி வைத்தவனுக்குத் தோள்பட்டை வலிப்பதுபோல் இருந்தது.

கெத்தரின் அழைத்து ஒரு உதவி கேட்டாள். "அம்மா உங்களப் பார்க்கணுங்கிறாங்க. பத்திரிகையையும் கொண்டுவரச் சொன்னாங்க. எட்டுப் பிரதி."

"எட்டு எதுக்கு?"

"வாங்க சேர்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் ரத்தோட்டைக்கு வந்து, அங்கிருந்து மேலே போகும் பஸ்ஸில் ஏறினார்கள். பதினான்காம் கட்டையைத் தாண்டும்போது கெத்தரின் வெளியே பார்க்கவில்லை. லெஸ்லி பார்த்தார். மூங்கிலும் புல்லும் மூடிய ஒரு சாதாரணப் பள்ளம்.

மரியாயி, கெத்தரினின் அம்மா, தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது சொச்சம் வயது. தேயிலைக் கொழுந்தெடுத்துக் கறுத்த விரல்கள். லெஸ்லி பஸ்ஸில் வரும்போதே மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் மரியாயி, "நடக்க முடியுங்களா? கொஞ்சம் ஏறணும்" என்றார்.

ஏறும்போதுதான் சொன்னார். செய்தி வந்த அன்று கடைக்காரர் பத்திரிகையை லயத்தில் சத்தமாக வாசித்தாராம். அன்றிலிருந்து செத்துப்போன எட்டுப் பேருடைய வீட்டுக்காரர்கள் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இராயப்பனின் சவப்பெட்டியைத் தூக்கவும் ஆள் வரவில்லை. "விசாரணைக் கடுதாசிய நான் கொண்டுபோய்க் காட்டினேங்க. கடுதாசி நீயே எழுதிக்கிட்டது, பேப்பர்ல வரல்லயேன்னு சொல்லிட்டாங்க."

எட்டு வீட்டில் ஐந்து வீட்டுக்காரர்கள் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். மிச்சம் மூன்று. முதலாவது, சவரியம்மா வீடு. அந்த அம்மாவுக்கு மரியாயியைவிடப் பத்து வயது கூட இருக்கும். வாசலில் மரியாயியைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். கெத்தரின் பத்திரிகையை நீட்டினாள். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை.

"நானே வாசிக்கிறேன்" என்றார் லெஸ்லி. "அன்னைக்கு இந்தச் செய்திய எழுதினது நான். யாரோ சொன்னதக் கேட்டு எழுதிட்டேன். சரியான்னு போய்ப் பார்க்கல."

நின்றபடியே வாசித்தார். கட்டத்துக்குள் இருந்தது ஆறேழு வரிதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சவரியம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.

"குடிக்கலியா?"

"இல்லம்மா."

"அப்ப நான் இத்தன வருசமா யாரு மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன்?"

சவரியம்மா மரியாயியைப் பார்த்தார். மரியாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரேக் பழுதுன்னு லொறிச் சொந்தக்காரனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சவரியம்மா.

"தெரிஞ்சிருக்கும்மா. அறிக்கைல இருக்கு. அதையும் நாங்க யாரும் எழுதல."

சவரியம்மா உள்ளே போனார். போனவர் வரமாட்டார் என்று லெஸ்லி நினைத்தார். அவர் ஒரு வாங்கை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டார். அதன் ஒரு முனையில் தான் உட்கார்ந்து, மறுமுனையைக் கையால் தட்டினார். மரியாயி சிறிது நேரம் நின்றுவிட்டு அதில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருமளவு இடம் இருந்தது.

"எங்க பையன் பேரு அதுல இருக்கா?" என்று கேட்டார் சவரியம்மா, பத்திரிகையைக் காட்டி.

லெஸ்லி இல்லை என்று தலையாட்டினார். அன்றைய செய்தியிலும் இல்லை. 'மேலும் எட்டுப் பேர்' என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் எழுதாததால் கலைக்களஞ்சியத்திலும் இல்லை, வேறு எங்கும் இல்லை. கால் வலித்தது, திரும்பும் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது, அதை விட்டால் மாலை வரை வேறு பஸ் கிடையாது. சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, வாசல்படியில் குந்தினார்.

"சொல்லுங்கம்மா. பேரு, வயசு. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"சகாயம்" என்றார் சவரியம்மா. "பத்தொம்பது வயசு. சகாயராஜ்னு எழுதிறாதீங்க. சகாயம் மட்டுந்தான்."